இல்லை என்று சொன்ன பிள்ளையைத் திருப்பித் தந்தாள்

என் மகள் ருக்மணிக்கு ஒன்பது வயது முடிந்தும் அவள் என்னை ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை. மாரியம்மன் வாசலுக்கு வருகிற உங்கள் எல்லோரிடமும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் எழுதுகிறார். இதில் எங்கேயாவது நான் கொஞ்சம் பொறுமைசாலியாகத் தெரிந்தால் அது அவர் சேர்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் சூளகிரிக்குத் தெற்கே இருக்கிறது. எங்களுக்கு இரண்டு மகன்கள், கடைசியாக ருக்கு. பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். தவழ்ந்தாள், நடந்தாள். பேச்சு மட்டும் வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். நுனிக்காலில் நடப்பாள். சொம்பு மூடியைத் தரையில் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்ப்பாள். நின்றால் மறுபடி சுற்றுவாள். கதவு ஒரு விரல் திறந்திருந்தால் போதும், ஓடிவிடுவாள். எங்கே என்று கேட்டால் சொல்லவா போகிறாள்? நான் ஒரு இடத்தில் உட்கார்ந்து ஒரு வாய் களியை நிம்மதியாக விழுங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது. களையெடுக்கக் குனிந்தால் மனசு வீட்டில் இருக்கும். வீட்டுக்கு வந்தால் கண் வாசலில் இருக்கும்.

கடைசியில் கயிறு வாங்கினேன். வயலுக்குப் போகும்போது அவள் இடுப்பில் ஒரு முனை, மாட்டுக் கொட்டாய்க் கம்பத்தில் ஒரு முனை. பெற்ற பிள்ளையைக் கட்டிப்போட்டவள் நான். இதை மறைத்துவிட்டு சாட்சி சொன்னால் அம்மனுக்கே அடுக்காது.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. மாசமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போயிருப்பாள் என்றார்கள். பாம்பை அடித்த பாவம் என்றார்கள். என் நாத்தனார் ஒருபடி மேலே போனாள். "புள்ளைக்கு வர வேண்டிய பேச்சையெல்லாம் நீயே பேசித் தீத்துட்டியே அண்ணி" என்றாள். நான் அதிகம் பேசுகிறவள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அன்றைக்கு மாட்டுத் தொழுவத்தில் நின்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனிடம் போவேன். கூழ் ஊற்றினேன். ஈரத்துணியோடு சுற்றி வந்தேன். கேட்டது ஒன்றுதான்: அவளைப் பேச வை. அவள் பேசவில்லை.

துர்முகி வருஷம் தை மாதம். கேழ்வரகு அறுத்து முடித்திருந்தோம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஆற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த சமயம். அணை நிற்க வேண்டுமானால் பிள்ளையைப் பலி கொடுக்க வேண்டுமாம், அதுவும் குறையுள்ள பிள்ளையாகப் பார்த்துத் தூக்குகிறார்களாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்களோ தெரியாது. சந்தையில் கேட்டேன், பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லக் கேட்டேன். நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் நாலு பேரிடம் நானும் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் வந்தது. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் எழுதிக்கொள்ள ஒரு ஆளும். பேசாத பிள்ளை, முகம் பார்க்காத பிள்ளை இருக்கிற வீடுகளை ஊர் ஊராகத் தேடிக் கேட்டு எழுதுகிறார்களாம். முந்தின நாளே பக்கத்து ஊரிலிருந்து சேதி வந்துவிட்டது. குறையுள்ள பிள்ளைகளுக்கு லிஸ்ட் எடுக்கிறார்கள் என்றால் வேறு எதற்கு?

காலையில் ருக்குவை இடுப்பில் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கொட்டாய்க்கு ஓடினேன். கம்பத்தில் கட்டினேன். முன்னால் பொரியைக் கொட்டினேன். திரும்பி ஓடிவந்து கோயில் முன்னால் எல்லாப் பெண்களோடும் நல்லவள் மாதிரி நின்றேன். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கன்னடம் கலந்த தமிழ்.

"உங்களுக்கு எத்தனை மக்கள்?"

"ரெண்டு பசங்க" என்றேன்.

"பெண் மக்கள்?"

"இல்லீங்க."

அம்மன் சன்னதிக்கு நேராக நின்று சொன்னேன். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார்கள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தபடியே நோட்டை மூடினாள். பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். "அப்படி ஒரு பிள்ளை எங்கயாவது இருந்தா, அதோட தாயைக் கேளுங்க. பிள்ளை ஓடிப் போகுதுன்னா எதைப் பார்க்க ஓடுது? அதை மட்டும் கவனிச்சு வைக்கச் சொல்லுங்க. நாங்க மறுபடி வருவோம்."

ஜீப் கிளம்பியது. நான் தோட்டத்துக்கு ஓடினேன். கொட்டாயில், அவசரத்தில் நான் போட்ட முடிச்சு அவிழ்ந்து கயிறு கிடந்தது. பொரி கிடந்தது. ருக்கு இல்லை.

நான் போட்ட சத்தத்தில் ஊர் கூடியது. "அணைக்காரனுங்கதான் தூக்கிட்டானுங்க, ஜீப்பை மறிங்கடா" என்று யாரோ சொன்னார்கள். ஆண்கள் தடியை எடுத்துக்கொண்டு ரோட்டை நோக்கி ஓடினார்கள். என் வீட்டுக்காரர் கையிலும் தடி இருந்தது. இதை எழுதமாட்டேன் என்றார். எழுத வைத்தேன்.

எனக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. வரப்பில் ஓடினேன், ஓடையில் இறங்கினேன், திரும்பினேன். கால் கோயிலில் கொண்டுவந்து நிறுத்தியது. நடை சாத்தியிருந்தது. பூட்டிய கதவைப் பிடித்துக்கொண்டு முதலில் திட்டினேன். ஏழு வருஷமாகக் கேட்கிறேனே, உனக்குக் காது இல்லையா என்று கேட்டேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. "இல்லன்னு சொன்னேன் தாயே. உன் எதிர்லயே சொன்னேன். அவ பேச வேணாம். பேசாமயே இருக்கட்டும். எனக்கு என் புள்ள வேணும். குடுத்தீன்னா, இவ எம் பொண்ணுன்னு எல்லார் முன்னாலயும் சொல்றேன்" என்றேன்.

அழுதுகொண்டிருக்கும்போதே டாக்டரம்மாவின் கேள்வி காதுக்குள் வந்தது. எதைப் பார்க்க ஓடுது? யாரோ பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி கேட்டது. ருக்கு வண்டிக்குப் பின்னால் ஓடுவாள், மாட்டைப் பார்க்கமாட்டாள், சக்கரத்தைப் பார்ப்பாள். மூடி சுற்ற வேண்டும். ஏதாவது சுற்ற வேண்டும். இத்தனை வருஷம் அவளைத் துரத்தியிருக்கிறேன், எதற்காக ஓடுகிறாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த நேரம் கிழக்கே கீச்சு கீச்சென்று ஒரு சத்தம். முனியப்பண்ணன் தோட்டத்தில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கிற சத்தம். கிணற்றுக்கு மேலே உருளை சுற்றுகிற சத்தம்.

நான் ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது.

ருக்கு இருந்தாள். கிணற்றின் மறுபக்கம், கல்தூணுக்குப் பின்னால், விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து உருளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஏழு ஆள் ஆழம். முனியப்பண்ணன் கிணற்றுக்கு முதுகு காட்டி மாட்டைச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்கவே இல்லை. கத்த வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். கத்தினால் மிரண்டு எழுவாள். அவர் என்னைப் பார்த்து மாட்டை நிறுத்தப் போனார். உருளை நின்றால் ஏன் நின்றது என்று எட்டிப் பார்ப்பாளே. ஓட்டுங்கள், நிறுத்தாதீர்கள் என்று கையைக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் ஓட்டினார். தண்ணீர் மொள்ளும் சால் மேலே வந்தது, தண்ணீர் கொட்டியது, கீழே போனது. நான் சத்தமில்லாமல் சுற்றிப் போய் பின்னாலிருந்து அவளை அள்ளிக்கொண்டேன். என் கையைக் கடித்தாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நின்று அழ நேரமில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். அடுத்த ஊருக்குப் போய்த் திரும்பிய ஜீப்பை மறித்து, சுற்றி நின்றார்கள் ஆண்கள். டாக்டரம்மா வண்டிக்குள் இருந்தாள், முகம் வெளிறியிருந்தது. தடிகளுக்கு நடுவே புகுந்து போனேன்.

"இவ எம் மக ருக்மணி. யாரும் தூக்கல. ஒளிச்சு வெச்சது நான். பொய் சொன்னது நான்" என்றேன்.

தடிகள் கீழே இறங்கின. அந்த அம்மா கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. ரோட்டோரம் புளியமரத்தடியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். பிரசவம் எப்படி, எந்த மாதத்தில் சிரித்தாள், எதைச் சாப்பிடுவாள், எதற்குப் பயப்படுவாள் என்று கேட்டுக்கேட்டு எழுதினாள். என் மகளைப் பற்றி ஒருத்தர் இவ்வளவு கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாம் சொல்லி முடித்து நான் கேட்டேன். "நான் செஞ்ச பாவமா டாக்டரம்மா?"

"எதனால வருதுன்னு எங்களுக்குத் தெரியலம்மா. தெரியாததாலதான் வீடு வீடா வந்து உங்களைக் கேக்கறோம்" என்றாள். மருந்தும் இப்போதைக்கு இல்லை என்று மறைக்காமல் சொன்னாள்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, படித்தவளுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டபோது என் தலையிலிருந்து ஒரு சுமையை யாரோ இறக்கிவைத்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பூஜையில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். அணைப் பேச்சைப் பரப்பியதையும் சொன்னேன். கயிற்றை அடுப்பில் போட்டேன். வீட்டுக்காரர் கொட்டாய்க் கம்பத்தில் ஒரு பழைய உருளையை மாட்டினார். ருக்கு அதைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முன்பு போல் ஓடுவதில்லை. ஓடினாலும் எங்கே தேடுவது என்று தெரியும். இரண்டு வருடம் ஆயிற்று. இன்னும் பேசவில்லை. நானும் அதைக் கேட்பதை விட்டுவிட்டேன். டாக்டரம்மா இரண்டு தடவை வந்துபோனாள். சுற்றுவட்டாரத்தில் ஒளித்து வைத்திருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். என் பதற்றம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இதைச் சொல்லும்போதுகூட நடுவில் மூன்று தடவை எழுந்து போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை தளிப் பக்கமிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முந்தானைக்குள் ஒரு பிள்ளையை மூடிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றாள். பக்கத்தில் போய் நின்று, "பேரென்னம்மா?" என்றேன். தன் பெயரைச் சொன்னாள். "உம் பேரு இல்ல, புள்ள பேரு" என்றேன். யாருக்கும் கேட்காமல் சொன்னாள். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். சுற்றும் முற்றும் பார்த்தாள். முந்தானையை விலக்கி, அம்மனைப் பார்த்து, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கெம்பராஜு" என்றாள்.

உங்கள் வீட்டிலும் அப்படி மறைத்து வைத்த ஒரு பெயர் இருந்தால், அம்மனிடம் வந்து சொல்லுங்கள். நான் வெள்ளிக்கிழமைதோறும் ருக்குவோடு இருப்பேன்.