நடுப்பாலத்தில் பிரேக்

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். ஆனால் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறினால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார். பக்கத்துச் சீட்டில் இருந்துகொண்டு, அங்கே இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்டவரிடம், "இந்தத் தடவ ஏர்போர்ட்டுக்கு வேன் வேணாம் மச்சான், நானே கார எடுத்துட்டு வாரேன்" என்று போனில் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

"எங்கன பழகுற?" என்றார்.

"ராமநாதபுரத்துல. முதல்ல சிமுலேட்டர்ல ஓட்ட விடுறாக."

"வீடியோ கேம் ஆடிட்டு வந்து என்னைய ஏத்தப் போறியா? ஏர்போர்ட்டுலயே சாவிய எங்கையில குடுத்துரு புள்ள" என்று சிரித்தார், சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதுரையிலிருந்து பாம்பன் வீட்டு வாசல் வரை சாவி என்னிடம்தான் இருக்கும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். போன லீவில் அவர் வாங்கி, உறை போட்டு நிறுத்திவிட்டுப் போன கார் வேறு வாசலில் சும்மா நின்றது.

சிமுலேட்டர் என்பது ஒரு சின்ன ஏசி அறைக்குள் சீட்டு, ஸ்டியரிங், கிளட்ச், பிரேக் எல்லாம் வைத்து, எதிரே பெரிய திரையில் ரோட்டை ஓடவிடும் சமாச்சாரம். பிஸ்மில்லா சொல்லி உட்கார்ந்தேன். முதல் நாளே வலது பக்கம் திரும்ப ஜன்னல் வழியாகக் கை காட்டுவதாக நினைத்து, சுவரில் கையை இடித்துக்கொண்டேன். திரையில் குறுக்கே வந்த மாட்டை, "ஏ, போ அங்கிட்டு!" என்று விரட்டினேன். சொல்லிக்கொடுத்தது சாயல்குடிப் பெண், என்னைவிட ரொம்பச் சின்னவள். "அக்கா, அதுக்குக் காது கேக்காது, ஹாரன அடிங்க" என்பாள். அவளோடு இருந்த பொழுதெல்லாம் சிரிப்புதான். வீட்டுக்குப் போகும்போது வயிறு வலிக்கும்.

மழை, இருட்டு, சந்தைக் கூட்டம் எல்லாம் தாண்டி ஒருநாள் திரையில் பாலம் வந்தது. நீளப் பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர். நான் அழகாகக் கியரைக் குறைத்து, நடுப்பாலத்தில் ஓரங்கட்டி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பெல்ட்டையும் கழற்றிவிட்டேன். பின்னாலேயே ஒரு லாரி வந்து மோதியது. சீட்டு ஆட, திரை முழுக்கச் சிவப்பு.

"அக்கா! எதுக்கு நிறுத்துனீங்க?"

"பாலம் வந்துச்சுல்ல?"

எங்கள் வீட்டில் அப்படித்தான். அவர் லீவில் வரும்போதெல்லாம் வேன் பாம்பன் பாலத்தின் நடுவில் நின்றாக வேண்டும். இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, கடல்காற்றை ஒரு மூச்சு இழுத்தால்தான் அவருக்கு ஊர் வந்த கணக்கு. எங்கள் வீடு மட்டுமா, ஊரே நிறுத்துகிறது. இதைச் சொல்லி நான் சிரிக்க, அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "நாங்களும் அங்கன நிறுத்தி போட்டோ எடுப்போம்க்கா. ஆனா பாலம் நடுவுல மேடு. ஏறி வாரவனுக்கு நீங்க நிக்கிறது தெரியாது" என்றாள். சிரிப்பு எனக்கு அப்படியே நின்றது. இத்தனை தடவை பிள்ளையோடு அங்கே நின்றிருக்கிறோம்! மறுபடி மறுபடி அந்தப் பாலத்தையே போடச் சொல்லி, நிற்காமல் ஓட்டிப் பழகினேன்.

பிறகு நிஜ ரோட்டிலும் ஓட்டிப் பழகி, லைசென்ஸ் வந்தது, அவரும் வந்தார். மாமியாரையும் மகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் ஏர்போர்ட்டில் நின்றேன். சலாம் சொன்ன கையோடு சாவிக்குக் கையை நீட்டினார். "பெல்ட்டப் போட்டு உக்காருங்க மச்சான்" என்றேன்.

"பரமக்குடி வரைக்குந்தான். அங்கன டீ குடிச்சிட்டு நான் வாங்கிக்கிருவேன்."

டீக்கு நிறுத்தினால் சாவி போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? பரமக்குடியைத் தாண்டி, ராமநாதபுரத்தையும் தாண்டி ஓட்டினேன். அவருடைய வலது கால் பாவம், மண்டபம் வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

பாலத்தில் ஏறியதும் அவர் முகமே மாறிவிட்டது. "நிறுத்து புள்ள, நிறுத்து!" மாமி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். எனக்கும் ஆசைதான். கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் ஒரு மீன் லாரி ஏறிக்கொண்டிருந்தது.

"நிறுத்த மாட்டேன்."

"என்னது?"

"ஏறி வாரவனுக்கு நாம நிக்கிறது தெரியாது. அந்தப் பக்கம் இறங்கி ஓரமா நிறுத்துறேன். நடந்து வந்து ஆசை தீரப் பாருங்க."

"அல்லாவே, வந்ததும் வராததுமா!" என்றார் மாமி. என் வீட்டுக்காரர் திரும்பி, பின்னால் ஏறி வந்த லாரியைப் பார்த்தார்.

சொன்னபடி ரோட்டை விட்டு இறக்கி நிறுத்தினேன். நால்வரும் நடைபாதையில் திரும்பி நடந்தோம். காற்று முக்காட்டைப் பிடுங்கியது. அவர் கண்ணை மூடி இழுத்த மூச்சில் எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. காருக்குத் திரும்பியதும், போதும் வீம்பு என்று, சாவியை நீட்டினேன். "இந்தாங்க. வீடு பக்கந்தான்."

அவர் வாங்கவில்லை. "நான் சொன்னா எல்லா டிரைவரும் நிறுத்துவான். நானே டிரைவரா இருந்துகிட்டு நிறுத்தச் சொல்லிருக்கேன் பாரு" என்று சொல்லிவிட்டு, சுற்றிப் போய்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார்.

வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் ஓரக்கண்ணால் பார்த்தால், மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டில் தூக்கிவைத்துச் சம்மணம் போட்டிருந்தார். அப்படி உட்காரக் கூடாது, பெல்ட் சரியாகப் பிடிக்காது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லாமல், இன்னும் மெதுவாக வீட்டுக்கு ஓட்டினேன்.