விழாத தகடுகள்

குண்டு தகட்டில் பட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தகடு விழவில்லை. திருப்பதியில் எங்கள் கிளப்பில் இருபத்தைந்து மீட்டரில் ஐந்து இரும்புத் தகடுகள் நிற்கும், சாய்ந்தால்தான் புள்ளி. அன்று நான்கை அடித்தேன், ஒன்றுகூடச் சாயவில்லை. அடுத்த தேர்வில் மூன்று தகடுகளாவது சாயாவிட்டால் என்னைப் பதினைந்து மீட்டர் பட்டியலுக்கு மாற்றிவிடுவதாகச் செயலாளர் சொன்னார். பெண்களுக்கு அது வசதி என்றும் சேர்த்துக்கொண்டார். நான் வசதி கேட்கவில்லை.

துப்பாக்கி வாங்கியபோதும் இதே பேச்சுதான். கடைக்காரர் எடை குறைந்த ஒன்றை முன்னால் வைத்தார். நான் நீளக் குழல் கொண்ட ஸ்பிரிங் ஏர்கன்னைக் கேட்டேன். அதன் குழலை மடக்கவே என்னால் முடியாது என்றார். கடைக்குப் பின்னால் இருந்த சோதனை அட்டையில் பத்துக் குண்டு சுட்டுவிட்டு வந்து பணம் கட்டினேன்.

இப்போது அந்தத் துப்பாக்கிக்கு வேகம் போதவில்லை. வார விடுமுறையில் அதை எடுத்துக்கொண்டு நகரிக்குப் பஸ் ஏறினேன். அக்கா வீட்டுக்காரர் அங்கே விசைத்தறி மெக்கானிக். முன்பின் ஏர்கன்னைத் தொட்டதில்லை. ஆனாலும் பிரித்துப் பார்த்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

“தறில நாடா அக்கரைக்குப் போவலன்னா இன்னா பண்றோம்? அடிய கூட்றோம். இதுவும் அப்டிதான்மே.”

நூலைச் சுமந்து பாயும் நாடாவைப் பற்றி அவர் சொன்னது சரிதான். பழைய இரும்புக் குவியலில் இருந்து ஒரு தடித்த ஸ்பிரிங்கைத் தேடி வெட்டிப் பொருத்தினார். முதல் குண்டிலேயே துப்பாக்கிக் கட்டை என் தோளில் இடித்தது. அக்கா பதறினாள். மாமா சிரித்தார்.

“தோளு எறங்கினா இன்னா, எலும்பு கட்டற புத்தூரு பக்கத்துலதான கீது.”

வலிப்பதை வேகம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய செய்தித்தாள்களை இறுக்கிக் கட்டி, பத்தடி தள்ளி வைத்துச் சுட்டேன். துளை விழுந்த தாள்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். பிரிக்கும் முன்பே சுட்டுப் பார்த்திருந்தேன், பழைய ஸ்பிரிங்கில் இருபத்திரண்டு. புதியதில் இருபத்தொன்று, அடுத்த குண்டில் பதினெட்டு. உதைதான் கூடியிருந்தது.

“காத்து ஓரமா ஓடிப்போவுது மாமா. எவ்ளோ தள்னாலும் குண்டுக்கு வராது.”

“பேப்பர்ல எழுதறவங்களுக்கு எல்லாந் தெரியும்.”

“எழுதறவங்க வேற. நான் பேப்பர் ஆபீஸ்ல அச்சுத் தப்பு பாக்கறவ.”

அவருக்குக் கோபம். சாப்பிட எழுந்து போனார். பிறகு அவரே காற்றைத் தள்ளும் பிஸ்டனைக் கையில் எடுத்து, அதன் தலையில் இருந்த தோல் வளையத்தை நகத்தால் தட்டினார். காய்ந்து சுருங்கி, குழாயின் சுவரைத் தொடாமல் நின்றது அது. பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போடச் சொன்னேன். முனகிக்கொண்டே போட்டார். நாடாவை அடிக்கும் பிக்கருக்கென்று வைத்திருந்த தடித்த எருமைத் தோலில் புதிய வளையம் வெட்டினார். முதலாவது பெரிதாகிவிட்டது, இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதை எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினார். முப்பத்து நான்கு தாள்கள். அவரே இரண்டு முறை எண்ணினார்.

தேர்வு நாளில் முதல் தகடு சாய்ந்தது. இரண்டாவது குண்டு வெளியே போனது. அது என் கையின் தவறு. மூன்றாவதும் நான்காவதும் சாய்ந்தன. ஐந்தாவது ஆடிவிட்டு நின்றுகொண்டது.

மூன்று. போதும்.

செயலாளர் துப்பாக்கியைப் பிரித்துக் காட்டச் சொன்னார். சட்ட அளவுக்கு மேல் சக்தி ஏற்றியிருப்பேன் என்று சந்தேகம். எல்லோருடையதையும் அளந்தால் என்னுடையதையும் தருகிறேன் என்றேன். பின்னால் இருந்த ஆண்கள் சிலர் தங்கள் பைகளின் ஜிப்பை மூடினார்கள். கடைசியில் வேகமானியை வைத்து என்னுடையதை மட்டும் அளந்தார்கள். நானும் மறுக்கவில்லை, எண் எனக்கு வேண்டியிருந்தது. அளவுக்குள்ளேயே இருந்தது.

இருபத்தைந்து மீட்டர் பட்டியலில் என் பெயரைக் கடைசியில் எழுதினார். பக்கத்தில் ‘மகளிர்’ என்று சேர்த்தார். மற்ற பெயர்களுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.