உடுக்கையைத் துரத்தும் ஃபில்டர்

அந்தக் கம்ப்ரஸரை நீங்கள் எழுதவில்லை. ஒரு வரிகூட எழுதவில்லை. நான் எழுதினேன்.

நீங்கள் என்று நான் சொல்வது, முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்த உங்களைத்தான். அப்போது உங்களை அண்ணா என்று கூப்பிட்டேன். இன்றைக்கும் நீ, வா, போ என்று எழுதக் கை வரவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழக்கம்.

படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காமல், மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் செய்ய வேண்டும். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிற்பார். அந்த ஆட்கள் மருந்தின் பெயரை வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார்கள், அடுத்த நொடி மைக்கில் இருமுவார்கள். மருந்துப் பெயருக்காகச் சத்தத்தைக் கூட்டினால் இருமல் காதைக் கிழிக்கும்.

எரிச்சலில்தான் ஆரம்பித்தேன். பெரிய சத்தத்தை அமுக்கி, சின்ன சத்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் கம்ப்ரஸரின் வேலை. பாட்டு எடிட் செய்யும் மென்பொருளுக்குள் சொருகிக்கொள்ளும்படி அதை எழுதலாம், அதற்கு ப்ளகின் என்று பெயர் என்பதை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். வீட்டில் ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் இருந்தது. எழுதினேன், அழித்தேன், எழுதினேன். தலைக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆபீஸில் டாக்டர் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார், நான் காகிதத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். பெடலிலிருந்து காலை எடுக்க மறந்து பல தடவை திட்டு வாங்கியிருக்கிறேன்.

எங்கள் வீடு தேங்காய்த்திட்டில். அம்மா மீன் வியாபாரம். நான் என்ன செய்கிறேன் என்று அம்மா யாரிடமோ சொல்லியிருக்கிறாள். எதிர்வீட்டு அக்கா வந்து நின்றாள்.

"உம் பொண்ணு கம்ப்ரஸர் வேல பாக்குதாமே. எங்கூட்டு பிரிட்ஜி ஓட மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாக்கச் சொல்லு."

"அது வேற கம்ப்ரஸராம்டி. கண்ணுக்கே தெரியாதாம். அதுல ஒரு கெளுத்திய வைக்க முடியாது" என்றாள் அம்மா.

கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாமானைக் காதால் சோதிக்க என்னிடம் நல்ல ஸ்பீக்கர் இல்லை. அதனால்தான் உங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொன்னீர்கள். ஸ்பீக்கரைத் தந்தீர்கள், டீ தந்தீர்கள். அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆடி மாதம் அம்மன் பாட்டு, மாசி மகத்துக்கு ஒரு சிடி, தேர்தல் வந்தால் ஆட்டோவில் கத்துவதற்கான பிரசாரம், இவைதான் உங்கள் தொழில்.

கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு பெரியவர் அம்மன் பாட்டுப் பாட வருவார். பக்கத்தில் ஒருவர் உடுக்கை அடிப்பார். நீங்கள் எங்கிருந்தோ காப்பியடித்து வைத்திருந்த வெளிநாட்டுக் கம்ப்ரஸர் வழியாக அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினீர்கள். பெரியவர் முகம் சுருங்கியது.

"இன்னாய்யா இது? நான் எட்டூருக்குக் கேக்கறாப்ல பாடிக்கினு இருக்கேன். உடுக்க அடிக்கறப்பல்லாம் எவனோ வாயப் பொத்தறான்?"

"மெஷின் அப்பிடித்தான் பண்ணும் பெரியவரே" என்றீர்கள் நீங்கள்.

"சாமி வர்ற நேரத்துல வாயப் பொத்துனா அது என்ன உட்டுரும். உன்னத்தான் புடிச்சிக்கும். பரவால்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது சரி. உடுக்கை ஓங்கி ஒலிக்கும்போது கம்ப்ரஸர் மொத்தத்தையும் அமுக்குகிறது. அதோடு சேர்ந்து குரலும் அமுங்குகிறது. வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அவர்களுடைய டிரம் கீழ்ச்சுருதியில் ஒரே இடத்தில் முழங்கும். அந்த இடத்தைக் கம்ப்ரஸரின் காதில் விழாமல் ஒரு ஃபில்டரால் அடைத்துவிடுவார்கள். உடுக்கை ஒரே இடத்தில் நிற்காது. அதன் இடுப்பில் கட்டிய கயிற்றை அழுத்தினால் சுருதி மேலே ஏறும், விட்டால் இறங்கும். அதன் பின்னாலேயே ஓடுகிற ஃபில்டர் வேண்டும்.

அதை எழுத எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. கம்ப்யூட்டருக்குள்ளேயே கீபோர்டு போல ஒலி உண்டாக்கும் சாப்ட்வேர் சிந்தசைஸரில், வாசிக்கிறவர் ஃபில்டரைக் கையால் திருப்புவார். என் ஃபில்டரை உடுக்கையே திருப்பும். முதலில் எழுதியது வேகமாகத் திரும்பும்போது விசில் அடித்தது. அடுத்தது மெதுவாகத் திரும்பி உடுக்கையைத் தவறவிட்டது. மழையில் மொபெட்டில் வருவேன், கேட்பேன், திருப்தி இருக்காது, திரும்பிப் போய் அழித்து எழுதுவேன். சாப்பிடும்போதும் விரல் தட்டைத் தட்டிக்கொண்டிருக்கும். அம்மா கையைப் பிடித்து நிறுத்துவாள். ஒரு நாள் அது பிடித்துக்கொண்டது. உடுக்கை ஏறியது, இறங்கியது, பெரியவரின் குரல் அசையாமல் நின்றது. நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டீர்கள்.

"ஏய், இன்னாமா பண்ண நீ?" என்று கேட்டீர்கள். ஞாபகம் இருக்கிறதா? "நீ" என்றுதான் கேட்டீர்கள். "நாம" என்றுகூடச் சொல்லவில்லை.

பிறகு பெயர் போடும் நேரம் வந்தது. ப்ளகினைத் திறந்தால் ஓரத்தில் ஒரு பட்டன், அதை அழுத்தினால் உருவாக்கியவர் பெயர் தெரியும். நம் ஊர் சிடி அட்டையில் ஸ்டுடியோ பேரும், பாடினவர் பேரும், உபயம் செய்த ஆள் பேரும் இருக்கும். உடுக்கை அடித்தவர் பேர் இருக்காது. அந்த வழக்கத்தை அப்படியே இதற்கும் கொண்டுவந்தீர்கள்.

"இப்போதைக்கு ஸ்டுடியோ பேரு, எம் பேரு போட்டுடு. அப்புறம் பாத்துக்கலாம்."

போட்டேன். அதை நீங்கள் வெளிநாட்டு இசைக்காரர்கள் கூடும் ஒரு இணைய மன்றத்தில் இலவசமாக ஏற்றினீர்கள். எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்தது. உடுக்கையையே பார்த்திராதவர்கள் அதை வைத்து டிரம்மைத் துரத்தினார்கள். எப்படித் தோன்றியது என்று ஒருவர் கேட்டார். "பல வருஷமாக நாட்டுப்புற இசையைக் கேட்டுப் பழகிய என் காதுதான் காரணம்" என்று எழுதினீர்கள். பிரவுசிங் சென்டரில் அதைப் படித்தேன். உட்கார முடியவில்லை. வெளியே வந்து கடற்கரைச் சாலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். அப்புறம் பார்த்துக்கலாம் என்றுதானே சொன்னார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடுத்து புகார் வந்தது. பாட்டு ஓடும்போது ஒன்றும் ஆவதில்லை, பாட்டு நின்றதும் கம்ப்யூட்டர் திணறி உறைகிறது என்று ஒருவர் எழுதினார். அவருக்குப் பின்னால் வரிசையாகப் பலர். அன்றுதான் அந்த மன்றத்தில் நான் பிறந்தேன். "எனக்கு ப்ரோகிராம் எழுதித் தரும் பெண் தவறு செய்துவிட்டாள், கண்டித்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் எழுதினீர்கள். பாராட்டு வந்தபோது நான் இல்லை. கம்ப்யூட்டர் உறைந்தபோது இருந்தேன்.

ஸ்டுடியோவில் என்ன செய்தும் அந்தக் கோளாறு வரவில்லை. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒழுங்காக ஓடியது. புகார் செய்தவரிடம் அவருடைய பாட்டையே அனுப்பச் சொன்னோம். திறந்து பார்த்ததும் புரிந்தது.

"ண்ணா, இவுங்க பாட்ட வெட்டி வெட்டி ஒட்றாங்க. நடுவுல ஒண்ணுமே இல்ல. சுத்தமா காலி."

"நம்ம பாட்டுலயும்தான் நடுவுல சும்மா இருப்பாங்க."

"நம்மள்து சும்மா இல்ல. மேல பாருங்க."

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நாம் பாட்டை வெட்டுவதே இல்லை. சாமிப் பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது என்று பெரியவர் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் பாடுவார். மைக் திறந்தபடி இருக்கும். ஃபேனை நிறுத்தினால் அந்த அறையில் யாராலும் உட்கார முடியாது. அதனால் நாம் சோதித்த எல்லாப் பாட்டிலும், ஒருவரும் பாடாத இடத்தில்கூட ஃபேன் பாடிக்கொண்டிருந்தது. உண்மையான மௌனத்தை என் ஃபில்டர் சந்தித்ததே இல்லை.

"ஒண்ணுமே இல்லாத எடத்துல உன் சாமான் ஏன் வேல செய்யுது?" என்று கேட்டீர்கள்.

நல்ல கேள்விதான். பதிலும் சொன்னேன். சத்தம் நின்ற பிறகும் ஃபில்டருக்குள் பழைய ஒலியின் எண் மிச்சம் இருக்கும். அது குறைந்துகொண்டே போகும், பூஜ்யத்தைத் தொடவே தொடாது. எண் ஒரு அளவுக்குக் கீழே மிகச் சிறிதாகிவிட்டால், அதைக் கணக்குப் போட கம்ப்யூட்டருக்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். உள்ளே ஓயாமல் ஒரு துளிச் சத்தம் சேர்த்துவிட்டால் போதும். மனிதக் காதுக்குக் கேட்காது, எண்ணும் அந்த அளவுக்குக் கீழே இறங்காது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அந்த வெளிநாட்டுப் பாட்டு நின்றது, கம்ப்யூட்டர் திணறவில்லை.

அன்று சாயங்காலமே நீங்கள் மன்றத்தில் எழுதினீர்கள்: "கோளாறை நானே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன்."

மறுநாள் ஆபீஸுக்குப் போகாமல் நேராக ஸ்டுடியோவுக்கு வந்தேன்.

"இன்னாண்ணா இது? நீங்களா கண்டுபுடிச்சீங்க?"

"ஏம்மா கத்தற? ஸ்டுடியோ என்னுது. ஸ்பீக்கர் என்னுது. ஒரே எடத்துல ரெண்டு பேரு போட்டா எவன் மதிப்பான்?"

"அப்ப எம் பேர மட்டும் போடுங்க."

சிரித்தீர்கள். "உம் பேரு வெளில தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது? நாளைக்குக் கல்யாணம் கட்டிக்கினு போயிடுவ. நான்தான இங்க ஒக்காந்து பதில் சொல்லணும்?"

"கேள்வி கேட்டா இன்னா பதில் சொல்லுவீங்க? ஃபில்டர்னா இன்னான்னு சொல்லுங்க பாப்போம்."

கதவைக் காட்டினீர்கள். அதற்குப் பிறகு அந்த மாடி ஏறவில்லை.

மன்றத்தில் என் பெயரில் எழுதினேன். நான்தான் எழுதினேன் என்றேன். அவள் உதவியாளர், கோபத்தில் பேசுகிறாள் என்று பதில் போட்டீர்கள். சண்டை வேண்டாம் என்று மன்றத்தை நடத்துகிறவர்கள் அந்தப் பக்கத்தையே மூடிவிட்டார்கள். நீங்கள் அடுத்த பதிப்பை வெளியிடவே இல்லை. யாராவது கேட்டால் வேலை நடக்கிறது என்பீர்கள். யார் வேலை செய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் பிறகு வேறு ப்ளகின்கள் எழுதினேன், சிந்தசைஸர் ஃபில்டர்கள் எழுதினேன். வேலை கேட்டுப் போன இடத்தில் அந்தக் கம்ப்ரஸரைப் பற்றிச் சொன்னபோது, எதிரே இருந்தவர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு உங்கள் பெயரைக் காட்டினார். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார். வாயால் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

இவ்வளவு காலம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வாரம் கதிர்காமம் பக்கம் சுவரில் ஒட்டிய போஸ்டரில் உங்கள் படம் பார்த்தேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்துகிறீர்கள். அந்தக் கம்ப்ரஸர் எப்படி உருவானது என்பதுதான் தலைப்பு.

பயிற்சிக்கு நானும் வருவேன். முன்வரிசையில் உட்காருவேன். உங்கள் ஃபில்டர் என்று நீங்கள் சொல்லிக்கொள்ளும் அந்த ஃபில்டர், சுருதி ஒரு உயரத்துக்கு மேல் ஏறினால் உடுக்கையைத் துரத்தாமல் தானாக நின்றுவிடும். ஏன் அங்கே நிற்க வேண்டும், அதற்கு மேலே போனால் என்ன கெடும்? எழுதியவருக்குத் தெரியும். பிள்ளைகள் முன்னால், மைக்கைப் பிடித்து, சத்தமாகச் சொல்லுங்கள். போன் செய்யாதீர்கள். ஆள் அனுப்பாதீர்கள். பதில் தெரியவில்லை என்றால் யார் எழுதியது என்பதை அதே மைக்கில், எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.