என் தொப்பையும் மனைவி சொன்ன பொய்யும்

வெள்ளைக்காரர் காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தேன். தொப்பை பெருத்திருந்தது.

"தினமும் நீங்களே தண்ணி தூக்கி, விறகு பொளந்தா கொழுப்பு கரைஞ்சிடுமாம். ஆஸ்பத்திரியில வைத்தியம் பாக்குற டிரெஸ்ஸர் சொன்னாரு" என்றாள் மனைவி.

செய்தேன். மூன்றே மாதத்தில் காற்சட்டை தளர்ந்தது. ஆனாலும் சந்தேகம் அரித்தது. வேலையை என் தலையில் கட்டிவிட்டு இவள் சுகமாக இருக்கிறாளோ? பொய்யைப் பிடித்துவிடும் ஆவலில் டிரெஸ்ஸரிடமே போய்க் கேட்டேன்.

"உங்க தொப்பையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே! அவங்களுக்குத்தான் இருதயம் பலவீனம். பாரம் தூக்கக்கூடாதுன்னு சொன்னேன்" என்றார்.

வீட்டுக்கு ஓடினேன்.

"என்கிட்ட ஏன் மறைச்சே?"

"சொன்னா, வேலை செய்யச் சோம்பல்பட்டு நடிக்கிறேன்னு சொல்லியிருப்பீங்க."

நிச்சயமாக அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.