கொழும்புக்குப் போக நான் படித்த படிப்பு

அக்கா பேத்தி நேற்றுப் போனில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். இலங்கைக்குப் போகுமுன் படிக்க வேண்டிய புத்தகங்களாம். அடுத்த மாதம் புருஷனோடு போகிறாள். "எதைத் தாத்தா மொதல்ல படிக்க?" என்று கேட்கிறாள். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாள். அந்த நாட்டுக்குப் போக என்னைப் போல் படித்தவன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. போனதுதான் இல்லை.

அறுபதாம் வருஷ வாக்கில் நான் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் குமாஸ்தா. லேபிள் ஆர்டர் பிடிக்கக் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "போறியாலே?" என்றார். கசக்குமா? அக்காவைக் கொழும்பில் மளிகைக்கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்து ஆறு வருஷம். ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு உயிர் தவித்தது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.

விருதுநகர் நூலகத்தில் இலங்கையைப் பற்றி மூன்றே புத்தகம். ஒன்று கதிர்காம யாத்திரை வழிகாட்டி. வழியெல்லாம் அட்டை கடிக்கும், உப்புக் கொண்டுபோகவும் என்று போட்டிருந்தது. அரைப்படி உப்பு வாங்கிப் பெட்டியில் வைத்தேன். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டுக்கு உப்பு மூட்டையோடு கிளம்பிய புத்திசாலி நான் ஒருத்தன்தான். இன்னொன்று தேயிலைத் தோட்டத்து வைத்தியர் ஒருவர் மலேரியாவைப் பற்றி எழுதியது. படித்த இரண்டு நாளும் எனக்குக் குளிரெடுத்தது. மற்றது பூகோளம். முத்து, மாணிக்கம், யானை எல்லாம் இருந்தது, மளிகைக்கடைதான் இல்லை.

இது போதாதென்று சிங்கள எழுத்து வேறு. கொழும்பு ஊதுபத்தி லேபிளை எங்கள் அச்சாபீசில் கல்லில் வரைந்து அச்சடிப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கல்லைப் பார்த்து ஒரு நோட்டு நிறைய எழுதிப் பழகினேன்.

பாஸ்போர்ட் வருமுன் அக்காவே வந்துவிட்டாள். மச்சானுக்கு அங்கே தங்கும் அனுமதியை அந்த நாட்டு அரசாங்கம் நீட்டித் தரவில்லை. கடையை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு தனுஷ்கோடிக் கப்பலில் வந்து சேர்ந்தார்கள். அக்கா பாதியாக இளைத்திருந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல் நோட்டை எடுத்து நீட்டினேன். பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏலே, அம்புட்டும் திரும்பில்ல நிக்குது."

கல்லில் எழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும், தாளில் விழும்போதுதான் நேராகும். தமிழ் என்றால் அச்சாபீஸ்காரன் கண் தானாகத் திருப்பிக்கொள்ளும். தெரியாத எழுத்தில் என் புத்தி புல் மேயப் போய்விட்டது.

சிரித்து ஓய்ந்து, பக்கங்களைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "இம்புட்டுப் படிச்சிருக்கியே. அங்கன எப்படி இருக்கேன்னு எனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம்ல. மழை பெஞ்சுச்சு, மாடு கன்னு போட்டுச்சுன்னேதான எழுதுனே."

நோட்டை வாங்கிப் பெட்டியில் உப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அக்கா வந்தபின் எனக்குப் போக மனமில்லை; ஆர்டர் பிடிக்க முதலாளி வேறு ஆளை அனுப்பினார். பின்னால் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயிற்று. கல்லச்சு போய் ஆப்செட் வந்தது. அக்கா இன்னும் நாற்பது வருஷம் எங்களோடுதான் இருந்தாள். எப்போது கேட்டாலும், "அது எதுக்கு இப்ப, சாப்பிடு" என்பாள். அவளும் போய்விட்டாள். அந்த ஆறு வருஷம் அவள் அங்கே எப்படி இருந்தாள் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.