முந்தி வந்த எழுத்து

போன ஞாயிறு என் மகள் டிவியில் ஏதோ படம் போட்டாள். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தியதும் திரையின் அடியில் தமிழ் எழுத்து ஓடியது. உதடும் பேச்சும் எழுத்தும் ஒன்றாகவே வந்தன. "ரொம்ப சரியா வருதே" என்றேன். "அது அப்டித்தாம்பா வரும்" என்றாள். அடுக்களையிலிருந்து ஆட்டுக்கறி வாசனை வந்தது. அந்த வாசனை வந்தால் எனக்குப் பட்டாபிராம் வீடுதான், அண்ணன்தான்.

அண்ணன் சட்டையில் மட்டும் ஞாயிறன்றும் மெஷின் ஆயில் வாசனை போகாது. அப்பா கழனி வேலைக்குப் போனவர். அந்தக் கழனியெல்லாம் வீட்டுமனையானபோது அண்ணன்தான் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனார். அவர் உழைப்பில்தான் நான் கம்ப்யூட்டர் படித்தேன். அவருக்குப் பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை வைத்தால், அதை வளைக்க மெஷின் டம்மென்று இறங்கும். நாள் முழுக்க அதே சத்தம். காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார். பஞ்சு எந்த மூலைக்கு? நாற்பது வயதைத் தாண்டும்போது காது போய்விட்டது.

காது போனதைவிட ஞாயிற்றுக்கிழமைதான் அவரை வாட்டியது. குடும்பமே உட்கார்ந்து படம் பார்க்கும். நாங்கள் சிரித்து ஓய்ந்த பிறகு, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பார். எனக்கு அது தாங்காது. பிறகு, படம் ஆரம்பித்ததுமே எழுந்துபோய் பைக்கைத் துடைக்கத் தொடங்கினார்.

அப்போது டப்பிங் படங்கள் பென்டிரைவில் கைமாறி வரும். தெளிவான படம் ஒரு ஃபைல், தமிழ்ப் பேச்சு இன்னொன்று, இங்கிலீஷ் சப்டைட்டில் மூன்றாவது. மூன்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்து ஓட்டலாம். சேர்த்து என்றால் ஏதோ ஒரு மாதிரி. தொடக்கத்தில் ஒட்டி வரும். பாதிப் படத்தில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு கீயை அழுத்திப் பேச்சை இழுப்பேன், இன்னொன்றை அழுத்தி எழுத்தைத் தள்ளுவேன்.

எட்டாவதோடு நின்ற அண்ணனுக்கு இங்கிலீஷ் ஓடாது. வசனத்தையெல்லாம் நானே தமிழில் தட்டினேன். முதல் படத்தில் எப்படியோ தப்பாக சேவ் செய்துவிட்டேன். எழுத்துக்குப் பதில் வரிவரியாகக் கேள்விக்குறி. கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்த அண்ணன், "இன்னாடா, எல்லாம் கேள்வியாவே கேட்டுகினு கீறானுங்க, ஒருத்தனாவது பதில் சொல்றானா பாரு" என்றார். என் மானம் கப்பலேறியது. ஆனால் அன்று வீடே அவர் சொன்னதற்குத்தான் சிரித்தது.

அதைச் சரிசெய்த பிறகும் ஒரு குறை. அவர் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் நாங்கள் சிரித்துவிடுவோம். ஒருநாள் என் தோளைத் தொட்டார்.

"எழுத்தக் கொஞ்சம் முன்னாடியே உடேன். உங்க கூடவே சிரிக்கணும்டா."

அவர் சொன்னபடியே எழுத்தை முன்னால் விட்டேன். பேச்சு வருமுன் எழுத்து வந்துவிடும். அவர் படித்து முடிக்கவும் பேச்சு வரவும் சரியாக இருக்கும். மற்றவர்கள் யாரும் அடியில் பார்க்கக் கூடாது என்பது வீட்டில் சட்டம். பார்த்தால் அவரை முந்திக்கொண்டு சிரித்துவிடுவோமே! விஷயம் தெரியாத என் மச்சான் ஒருமுறை, "மாமே, எழுத்து முந்திகினு ஓடுது, இதக்கூட பாக்கலையா?" என்று கீபோர்டுக்குக் கை நீட்டினான். அண்ணி அவன் கையைத் தட்டிவிட்டார்.

"அது சரியாத்தான் கீது. நீ சும்மா குந்து."

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு வந்த ஞாயிறு, பகலில், அவருக்குப் பிடித்த படத்தைப் போடச் சொன்னார் அண்ணி. போட்டேன். எல்லோரும் பழக்கப்படி மேலேயே பார்த்தோம். அண்ணி மட்டும் அடியில் ஓடிய எழுத்தை, உதடு அசைய, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வசனம் எழுத்தில் வந்தது. அதற்குப் பின்தான் பேச்சு வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"சரி பண்ணிடு தம்பி" என்றார் அண்ணி. "இனிமே முன்னாடி வர்றது யாருக்கு?"

கீயை அழுத்தி எழுத்தைப் பேச்சோடு சேர்த்தேன். அண்ணனுக்குக் கொள்ளி வைத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.