நான் கேட்ட ஒன்ஸ்மோர்

அந்த வருஷம் புதுக்கோட்டைக்கு வந்த எதையும் நான் விடவில்லை. இரண்டு பேசும் படம், நான்கு நாடகம். படங்களைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. முதல் படத்தில் கதாநாயகி புலியைக் கண்டதும் ஓடவில்லை. ஒரு பாட்டை எடுத்து நிதானமாகப் பாடி முடித்தாள். புலியும் மரியாதையாகக் காத்திருந்தது. இரண்டாவது படத்தில் ரீல் மாற்ற விளக்குப் போட்டபோதெல்லாம் டென்ட்டுக்குள் பாதிப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள். எனக்கு நாடகம்தான் உயிர். பகலெல்லாம் ஜவுளிக் கடையில் துணி அளந்து கிழித்துவிட்டு, நாடகக் கொட்டகையில் மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தால்தான் நான் மனுஷன்.

அந்தக் கொட்டகையில் எனக்கு ஒரு பதவியும் இருந்தது. பாட்டு முடிந்ததும் முதல் 'ஒன்ஸ்மோர்' என்னுடையது. நான் குரல் கொடுத்தால் கொட்டகையே குரல் கொடுக்கும். கேட்டுவிட்டால் நடிகர் திரும்பப் பாடியே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் சோடா பாட்டில் பறக்கும். யாரும் கேட்காமல் விட்ட பாட்டு தோற்ற பாட்டு. அன்றைக்கு வழக்கம் அது. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

நான்காவது நாடகத்துக்கு முதல் நாள், கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் நடிகர் கடைக்கு வந்தார். விராலிமலைக்காரர், நாற்பது வயது இருக்கும். எங்கள் கடையில்தான் வேட்டி எடுப்பார். அன்றைக்கு வேட்டி கேட்கவில்லை. கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். குரல் கம்மிப்போயிருந்தது.

"தம்பி, நாளைக்குப் பட்டணத்துல இருந்து படக் கம்பெனி ஆளு என்னையப் பாக்க வாராரு. பிடிச்சுப் போச்சுன்னா ஒரு படம் தாரேங்கிறாரு. காட்டுல பொண்டாட்டியப் பிரியிற பாட்டு இருக்குல்ல, அதை ஒரு தடவை பாடிருவேன். ரெண்டாந் தடவைக்குத் தொண்டை நிக்காது. நீங்க ஒன்ஸ்மோர் கேக்காம இருந்தீங்கன்னாப் போதும், மத்தவங்களும் கேக்க மாட்டாங்க."

"நான் வாயே தொறக்க மாட்டேண்ணே" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் கம்பெனிக்காரர் எனக்கு நேர் முன்னால், முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோட்டு, மடியில் ஒரு கைத்தடி. சிரிப்புக் காட்சிக்கும் சிரிக்கவில்லை. எனக்கு நாடகத்தில் மனம் போகவே இல்லை. அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காட்டுக் காட்சி வந்தது. மைக் இல்லாத காலம். மேடையில் பாடுவது கடைசியில் உட்கார்ந்திருக்கும் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்க வேண்டும். அவர் பாடினார். மேலே போகும் இடத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். போனார், நின்றார், இறங்கினார். ஒரு பிசிறு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாட்டு முடிந்தது. கொட்டகை அமைதியாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் என்னை முழங்கையால் இடித்தார். "என்னங்க, வாயில கொழுக்கட்டையா?" நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனிக்காரர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

இவ்வளவு நல்ல பாட்டுக்கு ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே, இந்த ஆளுக்கு ஊரில் மதிப்பில்லை என்றுதானே நினைத்திருப்பார்? அவர் வாசலைப் பார்த்து ஓர் அடி வைத்தார். நான் எழுந்து நின்று கத்தினேன். "ஒன்ஸ்மோர்!"

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த கொட்டகை முழுக்கக் கத்தியது. கம்பெனிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டேன் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். மேடையில் படுதாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவர் நின்று, நேராக மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆர்மோனியக்காரருக்கு விஷயம் தெரியும் போலிருக்கிறது; சுருதியை அரைக் கட்டை இறக்கினார். தரை டிக்கெட்டில் அதையும் கண்டுபிடித்து, "ஏத்து, ஏத்து!" என்று கூச்சல் போட்டார்கள். ஏற்றினார். பல்லவியைப் பத்திரமாகக் கடந்தார். அனுபல்லவியையும் கடந்தார். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விராலிமலை முருகனைக் கூப்பிட்டேன். சரணத்தில் மேலே போகும் இடம் வந்தது. நான் கடையில் தினமும் கேட்கிற, துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு வெறும் காற்று. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள்.

கம்பெனிக்காரர் இந்தத் தடவை எழுந்தபோது திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் தடவை எதற்கு எழுந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெற்றிலை துப்பப் போனாரோ என்னவோ.

அடுத்த வருஷம் அதே கதை படமாகி எங்கள் ஊர் டென்ட்டுக்கு வந்தது. ராஜபார்ட்டாக வேறொருவர். எங்கள் நடிகர் கடைக்கு வந்து, "வாங்க தம்பி, பாத்துட்டு வருவோம்" என்று கூப்பிட்டார். அவர் அதற்குப் பிறகு பாட்டில்லாத வேஷங்கள்தான் கட்டிக்கொண்டிருந்தார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை.

காட்டுப் பாட்டு வந்தது. திரையில் இருந்தவர் அலட்டிக்கொள்ளாமல் மேலே போய் இறங்கினார். டென்ட்டே "ஒன்ஸ்மோர்" என்று கத்தியது. நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் நடிகர் என் பக்கம் சாய்ந்து, அந்தக் கம்மிய குரலில் சொன்னார்:

"குடுத்து வச்சவன், தம்பி. நீங்க எம்புட்டுக் கத்தினாலும் அவனுக்குக் கேக்காது."